ஓர் எலக்ட்ரான், இரு சுமைகள்

பணி ஓய்வுக்குப் பின் ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டையில் குடியிருக்கிறேன். கடந்த ஏப்ரலில் உறவினர் இல்லத் திருமணத்துக்காக நானும் என் மனைவியும் சேலத்துக்கு இறங்கினோம். அவருக்கு நாள்தோறும் இன்சுலின் தேவை. பத்து நாள் வெளியே தங்க வேண்டியிருந்ததால், காரின் மின்செருகியில் இணைத்துக் குளிரூட்டும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி, அதில் மருந்துக் குழல்களை வைத்திருந்தோம். அதில் கம்ப்ரசர் இல்லை, குளிர்வாயு இல்லை. ஒரு சிறு விசிறி மட்டும்தான். மலையில் சோதித்தபோது நன்றாகவே குளிர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு வந்து, மண்டபத்தில் மின்னிணைப்பு இன்றி மூன்று மணி நேரம் இருந்தபின் திறந்தால், குழல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. அன்று மாலையே புதிய மருந்து வாங்க நேர்ந்தது.

வீடு திரும்பியதும் ஒரு சோதனை செய்தேன. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த இரு தண்ணீர்ப் புட்டிகளில் ஒன்றை, மின்னிணைப்பைத் துண்டித்த அந்தப் பெட்டியிலும், மற்றொன்றை மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் சாதாரண தெர்மாகோல் பெட்டியிலும் வைத்தேன். தெர்மாகோல் பெட்டியே வென்றது.

இந்தச் சோதனையைப் பார்த்துக் கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பொறியியல் மாணவர் ஒருவர், இதே கருவியைத் தலைகீழாகப் பயன்படுத்தினால் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாமே என்றார். "சார், விறகடுப்புச் சூட்டிலேயே லைட் எரியும்னு வீடியோவில் காட்டுறாங்க. எங்க அம்மா இருக்கிற மகளிர் குழுவில் இருபது வீட்டுக்கு வாங்கலாமான்னு கேக்குறாங்க. நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க." மழைக்காலத்தில் மரம் முறிந்து மின்கம்பி அறுந்தால் இரவெல்லாம் இருட்டில் இருக்க வேண்டிய வீடுகள் அவை. கேட்டது சிறுவாட்டுச் சேமிப்பைப் பற்றிய கேள்வி. பொருளியல் கற்பித்தவன் விலையை மட்டும் பார்த்து விடை சொல்லிவிட முடியாது. கருவி ஏன் இவ்வளவுதான் தருகிறது என்பதைப் படித்துப் பார்த்தேன். படித்ததைப் பகிர்வதே இக்கட்டுரை.

இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த ஊசி திரும்புவதை 1821-இல் பெர்லினில் தாமஸ் சீபெக் கண்டார். அதைக் காந்த விளைவென்றே அவர் கருதினார்; மின்னோட்டம்தான் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. 1834-இல் பிரான்சின் ஜான் பெல்டியர் இதன் மறுபக்கத்தைக் கண்டார்: மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஓர் இணைப்பு குளிர்கிறது, மற்றொன்று சூடாகிறது. 1838-இல் லென்ஸ் என்பவர் பிஸ்மத், ஆன்டிமனி உலோகங்களின் இணைப்பில் ஒரு துளி நீரை உறைய வைத்து, மின்னோட்டத்தைத் திருப்பி அதையே உருக வைத்தும் காட்டினார். என் குளிர்பெட்டி அந்த நீர்த்துளியின் வாரிசு.

வெப்பம் திடப்பொருளுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதற்கு இரு வாகனங்கள் உள்ளன. முதலாவது, உலோகங்களில் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள். மின்னோட்டத்தைச் சுமப்பவையும் அவையே. இரண்டாவது, படிகத்தில் வரிசையாக அமைந்த அணுக்களின் அதிர்வு. தேர் வடத்தின் ஒரு முனையை உலுக்கினால் அலை மறுமுனைக்கு ஓடுகிறது. வடத்தைப் பிடித்திருப்பவர் யாரும் இடம் மாறுவதில்லை. அணுக்களும் அவ்வாறே தம் இடத்திலேயே நின்று அதிர்வை அடுத்த அணுவுக்குக் கடத்துகின்றன. ஒளி அலையை ஃபோட்டான் என்ற துகளாக எண்ணுவதுபோல, இந்த அதிர்வலையை எண்ணக்கூடிய அலகுகளாகப் பிரித்து ஃபோனான் என்று அழைக்கின்றனர்.

சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையில் கட்டற்ற எலக்ட்ரான்கள் இல்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறை மாலையில் உட்காருபவருக்குத் தரும் வெதுவெதுப்பு முழுவதும் ஃபோனான்கள் கொண்டு வருவது. செம்புப் பாத்திரத்தின் சூடோ பெரும்பாலும் எலக்ட்ரான்களின் வேலை. எவர்சில்வர் டம்ளரிலும் எலக்ட்ரான்கள் உண்டு; ஆனால் இரும்போடு கலந்த குரோமியம், நிக்கல் அணுக்கள் அவற்றை அடிக்கடி திசை திருப்புகின்றன. அதனால் அதன் வெப்பக் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்குதான். எவர்சில்வர் கரண்டியின் காம்பை நம்பிக்கையோடு பிடிக்க முடிவதற்கும், அதே உலோகம் மின்கம்பியாகப் பயன்படாமல் போவதற்கும் காரணம் ஒன்றே.

இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. உலோகங்களில் மின்கடத்துதிறனும் எலக்ட்ரான்களின் வெப்பக் கடத்துதிறனும் கைகோத்தே ஏறி இறங்குகின்றன என்பதை 1853-இல் வீடமனும் ஃபிரான்சும் வெளியிட்டனர். ஒரே எலக்ட்ரான் மின்னூட்டத்தையும் வெப்பத்தையும் ஒருசேரச் சுமப்பதால் நேரும் விளைவு இது. எங்கள் துறையில் இதைக் கூட்டு உற்பத்தி என்போம். நெல் வேண்டும், வைக்கோல் வேண்டாம் என்று உழவர் சொல்ல முடியாது. ஒரே பயிரில் இரண்டும் விளைகின்றன.

வெப்பமின் கருவிக்கோ நெல் மட்டும்தான் வேண்டும். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருக்கும்வரைதான் மின்னழுத்தம் இருக்கும். பொருள் தானே வெப்பத்தைக் கடத்தி இரு முனைகளையும் சமமாக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆகவே, ஒரு டிகிரி வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம், அதாவது சீபெக் எண், பெரிதாக இருக்க வேண்டும். மின்கடத்துதிறன் மிகுந்திருக்க வேண்டும். வெப்பக் கடத்துதிறன் குறைந்திருக்க வேண்டும். சீபெக் எண்ணின் வர்க்கத்தை மின்கடத்துதிறனாலும் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பதே இத்துறையின் தகுதி எண். அது 1 என்றால் தேறும், 2-ஐத் தாண்டினால் சிறப்பு.

உலோகங்கள் இத்தேர்வில் தோற்றுவிடுகின்றன. சூடான முனையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களுக்கு ஏறத்தாழ ஈடாகக் குளிர்ந்த முனையிலிருந்தும் எலக்ட்ரான்கள் எதிர்வருவதால், செம்பில் ஒரு டிகிரிக்கு 2 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவாகவே எஞ்சுகிறது. குறைகடத்திகளில் இந்தச் சமன்பாடு குலைகிறது. பிஸ்மத் டெலுரைடில் சுமார் 200 மைக்ரோவோல்ட் கிடைக்கிறது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மின்கடத்துதிறன் உயரும், சீபெக் எண் சரியும், குறைத்தால் நேர்மாறு. இடையில் ஒரு நடுப்புள்ளியைப் பிடித்து நிற்க வேண்டும். 1954-இல் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட், டக்ளஸ் இருவரும் பிஸ்மத் டெலுரைடைக் கொண்டு குளிரூட்டிக் காட்டினர். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் என் குளிர்பெட்டியின் உள்ளே இருப்பது அதன் உறவுக்காரப் பொருள்தான்.

எலக்ட்ரானின் பக்கம் இப்படிக் கட்டுண்டு கிடக்க, மீதமிருப்பது ஃபோனான். அது மின்னூட்டத்தைச் சுமப்பதில்லை. கசிந்து ஓடும் வெப்பத்தை மட்டும் சுமக்கிறது. அதைத் தடுத்துவிட்டு எலக்ட்ரானை மட்டும் வழிவிட முடியுமா? வெப்பத்துக்குக் கண்ணாடிபோல் ஒழுங்கற்றும், மின்சாரத்துக்குப் படிகம்போல் ஒழுங்காகவும் ஒரு பொருள் நடந்துகொள்ள வேண்டும் என்று 1990-களில் கிளென் ஸ்லாக் இந்த இலக்கைச் சுருக்கிச் சொன்னார். இதற்கு வாய்ப்பளிப்பது ஓர் அளவு வேறுபாடு. சிலிக்கானில் வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்களில் பல, மோதலின்றி நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தூரம் ஓடுகின்றன. எலக்ட்ரான்களோ அதைவிட மிகக் குறுகிய தூரத்திலேயே மோதிவிடுகின்றன. ஆகவே நூறு நானோமீட்டர் இடைவெளியில் தடைகளை நட்டால், நீண்ட தூரம் ஓடும் ஃபோனான் சிக்கிக்கொள்ளும். எலக்ட்ரான் அதிகம் பாதிக்கப்படாது. 2008-இல் கலிஃபோர்னியாவின் இரு ஆய்வுக் குழுக்கள் மெல்லிய சிலிக்கான் இழைகளில் வெப்பக் கடத்துதிறனைப் பெருமளவு வீழ்த்திக் காட்டியது இந்த வழியில்தான்.

1966-இல் வந்த ஐஆர் 8 நெல்லை நினைத்துக்கொண்டேன். அந்தக் குட்டை ரகம் வைக்கோலை ஒழித்துவிடவில்லை. தண்டைக் குறுக்கி, நெல்லின் பங்கைக் கூட்டியது. கூட்டு உற்பத்தியில் விகிதத்தை மாற்றலாம். ஆனால் வைக்கோலே இல்லாத நெல் வராது.

அப்படி வராமல் போவதற்குக் காரணம், எலக்ட்ரானும் ஃபோனானும் ஒன்றையொன்று பாராமல் போகும் வழிப்போக்கர்கள் அல்ல என்பதுதான். அணுக்கள் அதிரும்போது எலக்ட்ரானின் பாதையே குலுங்குகிறது. வெப்பநிலை ஏற ஏற உலோகத்தின் மின்தடை ஏறுவது இதனால்தான். நல்ல வெப்பமின் பொருள்கள் பலவற்றில், எலக்ட்ரானின் வேகத்துக்கு இறுதி வரம்பு விதிப்பது அசுத்தமோ விரிசலோ அல்ல, அதே படிகத்தின் ஃபோனான்கள்தாம். படிகத்தைச் சற்றே அமுக்கும்போது எலக்ட்ரானின் ஆற்றல் நிலை எவ்வளவு நகர்கிறது என்ற அளவு சிறிதாக உள்ள பொருள்களைத் தேடிப் பிடிப்பது, ஆய்வாளர்களின் முக்கிய வேலைகளில் ஒன்றாக இருக்கிறது.

இந்த மோதலில் இழப்பு மட்டும் இல்லை. மின்சுமப்பிகள் மிகுதியாக ஊட்டப்பட்ட சிலிக்கானில், அவை திருப்பி ஃபோனான்களைச் சிதறடிக்கின்றன. அறை வெப்பநிலையில் இதனால் மட்டுமே படிகத்தின் வெப்பக் கடத்துதிறன் 45 சதவீதம் வரை குறையக்கூடும் என்று 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேங் சென் குழுவினர் கணக்கிட்டனர். அதுவரை பெரும்பாலோர் இதைப் புறக்கணிக்கத்தக்க சிறு விளைவாகவே கருதி வந்தனர்.

இன்னொன்று அதைவிட வியப்பானது. ஃபோனான்கள் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு ஓடும்போது, வழியிலுள்ள எலக்ட்ரான்களையும் தள்ளிக்கொண்டு போகின்றன. திருவிழாக் கூட்டத்தில் நாம் நடக்காமலே கோயில் வாசலுக்கு வந்துவிடுவதில்லையா, அதுபோல. இதை ஃபோனான் இழுவை என்பர். 1950-களின் தொடக்கத்தில், ஆழ்ந்த குளிரில் வைத்த ஜெர்மேனியத்தின் சீபெக் எண் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பெருகியதைக் கண்டு ஆய்வாளர்கள் திகைத்தனர். காரணத்தை 1954-இல் கான்யர்ஸ் ஹெர்ரிங் விரிவாக விளக்கினார். இங்கேதான் முடிச்சு. எலக்ட்ரானைத் தள்ளி உதவுவதில் முன்நிற்பவை நெடுந்தூரம் ஓடும் ஃபோனான்கள். வெப்பத்தைக் கசியவிடாமல் தடுக்க நாம் தடை நட்டுச் சிக்கவைப்பதும் அதே வகை ஃபோனான்களைத்தான். திருடன் என்று பிடித்தவர்களில் சிலர் காவலர்களாகவும் இருக்கின்றனர். எந்த அலைநீளத்து ஃபோனான் எவ்வளவு உதவுகிறது, எவ்வளவு கெடுக்கிறது என்று தனித்தனியே கணக்கெடுத்து, வேண்டாததை மட்டும் வடிகட்டும் முயற்சிகள் இப்போதுதான் நடக்கின்றன.

இத்துறையின் முன்வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனை இராமனின் துணை ஆய்வாளராக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1940-களில் அலகாபாதில் அவர் பாட்டியாவோடு சேர்ந்து, உருகிய உலோகங்களின் மின்தடையை, ஒழுங்கு குலைந்த அணுக்கள் எலக்ட்ரான் அலையைச் சிதறடிப்பதாகக் கொண்டு கணக்கிட்டார். பின்னாளில் மேலைநாட்டில் விரிவாக வளர்ந்த கோட்பாட்டுக்கு அது முன்னோடி. இராமன் விளைவோ, இன்று படிகத்தின் ஃபோனான்களை அளக்க உலகெங்கும் ஆய்வகங்கள் பயன்படுத்தும் அன்றாடக் கருவி. அதே இராமன், படிக அதிர்வுகளைப் பற்றிய மாக்ஸ் பார்னின் கோட்பாட்டை ஏற்க மறுத்துப் பல ஆண்டுகள் வாதிட்டார் என்பதையும், அவ்வாதத்தில் காலம் பார்னின் பக்கமே நின்றது என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. இன்று பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தின் கனிஷ்க பிஸ்வாஸ் குழுவினர், வெள்ளி, ஆன்டிமனி, டெலுரியம் கலந்த சேர்மத்தில் சிறிது காட்மியம் சேர்த்து, 300 டிகிரி செல்சியஸில் தகுதி எண் 2.6 என 2021-இல் அறிவித்தனர். அணுக்களின் ஒழுங்கைக் கூட்டியதால் எலக்ட்ரானுக்கு வழி சீரானது. அதனூடே தோன்றிய நானோ அளவுத் திட்டுகள் ஃபோனானைச் சிதறடித்தன. வாகனப் புகையின் வெப்பத்தைப் பயன்படுத்தும் நோக்கில், ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனத்தின் சென்னை மையமும் வெப்பமின் பொருள்களில் ஆய்வு செய்கிறது.

ஆய்வகத்து எண் சந்தைக்கு வரும்போது என்ன ஆகிறது? தகுதி எண் 1 கொண்ட பொருளை 250 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே வைத்தால், ஏட்டளவில் வெப்பத்தின் 8 அல்லது 9 சதவீதம் மின்சாரமாகும். இணைப்புகளின் தடை, வெப்பக் கசிவு எல்லாம் போக 5 சதவீதம் கிடைத்தால் நல்லது. அனல்மின் நிலையம் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது. ஆகவே 'வீணாகும் வெப்பமெல்லாம் இலவச மின்சாரம்' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வெப்பம் இலவசமாக இருக்கலாம். அதை மாற்றும் பொருள் இலவசமன்று.

அப்பொருளின் சந்தையும் விசித்திரமானது. டெலுரியத்துக்கென்று தனியாகச் சுரங்கம் தோண்டுவது அரிது. செம்பைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் சேற்றிலிருந்தே அது பெரும்பாலும் பிரித்தெடுக்கப்படுகிறது. உலக உற்பத்தி ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கும் குறைவு. விலை இரு மடங்கானாலும் யாரும் அதற்காகக் கூடுதல் செம்பு வெட்டப் போவதில்லை. மறுபடியும் கூட்டு உற்பத்தி! சூரிய மின்தகடு தயாரிப்போரும் அதே டெலுரியத்துக்குப் போட்டியிடுகின்றனர். அதனால் மக்னீசியம் சார்ந்த சேர்மங்களின் மீது இப்போது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருக்கிறது. ஏற்காட்டின் அடிவாரத்தில் வெள்ளை வெளேரெனக் கிடக்கும் மக்னசைட் குன்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆசை எழும். ஆனால் அந்தக் கல் உலைச்செங்கல்லாகப் போகிறது; அதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது மின்சாரத்தையும் எரிபொருளையும் விழுங்கும் தொழில்; உலகின் மக்னீசிய உலோகத்தில் பெரும்பகுதி சீனாவில்தான் உற்பத்தியாகிறது. கனிமம் நம்மிடம் இருப்பதாலேயே தொழில் நம்மிடம் வந்துவிடாது.

அப்படியானால் இக்கருவிக்கு இடம் எது? பழுது பார்க்க ஆள் போக முடியாத இடம். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள், புளூட்டோனியத்தின் வெப்பத்தைச் சிலிக்கான்–ஜெர்மேனியம் கலவையின் மூலம் மின்சாரமாக்கி, நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் பூமியோடு பேசின. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்மானமும் குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சோவியத் நாட்டில், மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் இயங்கும் வானொலி மின்னாக்கியை மின்சாரம் எட்டாத ஊர்களுக்காக உருவாக்கினர். நூறு கிலோவாட் தேவைப்படும் ஆலைக்கு அல்ல, ஒன்றிரண்டு வாட் இல்லாமல் தவிக்கும் இடத்துக்கே இது ஏற்றது.

மாணவரின் வீட்டு அடுப்பில் ஒரு வில்லையைப் பொருத்திப் பார்த்தோம். முதல் சில நிமிடங்கள் விளக்கு பளிச்சென எரிந்தது; பிறகு மங்கியது. மறுபக்கமும் சூடாகிவிட்டிருந்தது. அதன் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்ததும் மீண்டும் எரிந்தது. கிடைத்தது இரண்டு வாட்டுக்குச் சற்று மேல். ஒரு சிறு எல்.இ.டி. விளக்குக்கும் கைப்பேசிக்கும் போதும். சூரியத் தகடு இதைவிட மலிவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பகல் முழுதும் பனிமூட்டம் இறங்கிவிட்டால் இங்கே தகடு தூங்கிவிடும், அடுப்பு தூங்காது. தவிர, வில்லையைக் கடந்து போன வெப்பம் வீணாகவில்லை. அந்தப் பாத்திரத்து நீர் பிள்ளைகள் குளிக்க ஆயிற்று. வைக்கோலுக்கு மாடு இருக்கும் வீட்டில் கணக்கே வேறு.

இருபது வீட்டுக்கு வேண்டாம், தகட்டோடு மின்கலம் வாங்குங்கள். வெயில் விழாத சரிவில் உள்ள மூன்று வீடுகளுக்கு மட்டும் அடுப்பு வில்லையை ஒரு மழைக்காலம் வைத்துப் பாருங்கள் என்று குழுவிடம் சொன்னேன். "மூணு வீடு எதுன்னு நீங்களே சொல்லிடுங்க சார், இல்லேன்னா சண்டை வரும்" என்றார் மாணவரின் தாயார். அதை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டேன்.

குளிர்பெட்டியின் தவறும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த வில்லைக்குள் நிற்கும் பிஸ்மத் டெலுரைடுத் தூண்களின் வெப்பக் கடத்துதிறன், நாம் இவ்வளவு பாடுபட்டுக் குறைத்த பின்னும், தெர்மாகோலைப்போல ஏறத்தாழ 40 மடங்கு. மின்சாரம் ஓடும்வரை அது வெப்பத்தை வெளியே இறைக்கும் இயந்திரம். நின்ற கணமே வெப்பம் உள்ளே வரும் பாலம். மேலும், சூழலைவிட 15 முதல் 20 டிகிரி வரையே அதனால் குளிர்விக்க முடியும் என்று கையேட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. மலையில் 25 டிகிரியில் அது போதும். சேலத்து ஏப்ரலில் போதாது.

இப்போது சேலம் இறங்கும்போது, வாய் அகன்ற பிளாஸ்கில் பனிக்கட்டிப் பையை வைத்து, குழல்கள் அதைத் தொட்டு உறைந்துவிடாமல் துணியில் சுற்றி எடுத்துச் செல்கிறோம். பிளாஸ்கின் இரு சுவர்களுக்கு இடையே வெற்றிடம். அங்கே எலக்ட்ரானும் இல்லை, ஃபோனானும் இல்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).